ஏழு ஞாயிறுகளில் முடிந்துபோகும் கோடை

புது தில்லி:

பெங்களூருவின் தென்கோடியில், தமிழக எல்லையைத் தொட்டபடி அமைந்துள்ள ஆனேக்கல் வட்டத்தில் கோடைக்காலம் ஒரே வீட்டுக்குள் இரு வேறு கணக்குகளாக ஓடுகிறது. ஒன்று குழந்தையின் கணக்கு. மற்றது பெற்றோரின் கணக்கு.

கர்நாடகத்தில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு 2024-லும் 2025-லும் ஏப்ரல் 11 முதல் மே 28 வரை கோடை விடுமுறை விடப்பட்டது. மொத்தம் 48 நாள்கள். அந்த நாள்களில் அமைந்த ஞாயிற்றுக்கிழமைகள் இரு ஆண்டுகளிலும் ஏழுதான். ஜிகணி, பொம்மசந்திரா, அத்திப்பள்ளி தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் தாய்க்கும் தந்தைக்கும் கோடை என்பது அந்த ஏழு நாள்கள் மட்டுமே. மே தினத்தையும் சேர்த்தால் எட்டு. சுழல்முறைப் பணியில் வார ஓய்வு வேறொரு நாளில் அமைந்துவிட்டால், கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைப்பதும் உறுதியில்லை.

மீதமுள்ள நாற்பது நாள்களில் குழந்தை எங்கே இருக்கிறது, யார் பார்த்துக்கொள்கிறார்கள், என்ன விளையாடுகிறது என்ற கேள்விக்கு நாட்டின் தொழிலாளர் சட்டங்களில் விடை இல்லை. பெற்றோர் விரும்பியும் குழந்தையோடு பொழுதைக் கழிக்க இயலாமை, குடும்பத்தின் சொந்தப் பிரச்னையாகவே இதுவரை கருதப்பட்டு வருகிறது. ஆனால், அதன் வேர் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களின் எண்களில் இருக்கிறது.

அருகிலிருந்தும் எட்டாத வனம்

பொழுதுபோக்கு இடங்களுக்கு ஆனேக்கலில் பஞ்சமில்லை. 1974-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பன்னேர்கட்டா இந்த வட்டத்தில்தான் உள்ளது. அதன் ஒரு பகுதி 2002-ல் உயிரியல் பூங்காவாகத் தனியே பிரிக்கப்பட்டது. வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2006-ல் திறக்கப்பட்டது. சிறுத்தைகளை வண்டியில் சென்று பார்க்கும் உலா 2024-ல் தொடங்கியது. ஆனேக்கல் நகரிலிருந்து சுமார் 5 கி.மீ. தொலைவில் முத்தியாலமடுவு அருவி இருக்கிறது. மழைக்காலத்தில் கொட்டும் இந்த அருவி கோடையில் மெலிந்துவிட்டாலும், மர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்து உண்ண வரும் குடும்பங்களுக்குக் குறைவில்லை.

போக்குவரத்தும் முன்பைவிட எளிதாகியிருக்கிறது. 2023 ஜூன் 11-ல் தொடங்கிய 'சக்தி' திட்டத்தின் கீழ், கர்நாடகத்தில் வசிக்கும் பெண்கள் மாநிலத்துக்குள் அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணிக்கலாம். அதுவரை வீட்டையும் வேலையையும் தவிர வேறிடம் அறியாத பல பெண்கள் குழந்தைகளுடன் கோயிலுக்கும் பூங்காவுக்கும் செல்ல இத்திட்டம் வழிவகுத்தது. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. சாலை - பொம்மசந்திரா மெட்ரோ ரயில் தடம் திறக்கப்பட்டது. 19.15 கி.மீ. நீளமும் 16 நிலையங்களும் கொண்ட இத்தடத்தில் ஏறி, வழியில் வண்டி மாறினால் லால்பாக்குக்கும் கப்பன் பூங்காவுக்கும் சென்றுவிடலாம். கப்பன் பூங்காவில் சிறுவர்களுக்கான பால பவன் உள்ளது.

இடம் இருக்கிறது, போக வழியும் இருக்கிறது. இல்லாதது நாள் மட்டுமே. ஞாயிற்றுக்கிழமைகளில் பன்னேர்கட்டாவில் திரளும் கூட்டத்துக்கு இதுவே காரணம். வார நாளில் நெரிசலின்றிப் பார்க்கக்கூடிய பூங்காவை, வெயிலில் வரிசையில் நின்று, பாதி நேரத்தைக் காத்திருப்பில் தொலைத்துப் பார்க்க வேண்டியவர்களாக இருப்பவர்கள் அதற்கு மிக அருகில் வசிக்கும் தொழிலாளர் குடும்பத்தினர்தாம்.

இருபதுக்கு ஒன்று

ஊதியத்துடன் கூடிய விடுப்பு என்பது இந்தியத் தொழிலாளர்களுக்கு எளிதாகக் கிடைத்ததன்று. வைஸ்ராயின் நிர்வாக சபையில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையைக் கவனித்தவர் டாக்டர் அம்பேத்கர். அவரது காலத்தில்தான், 1945-ல், ஆலைத் தொழிலாளர்களுக்கு ஊதியத்துடன் விடுப்பளிக்கும் சட்டத் திருத்தம் நிறைவேறியது. வயது வந்தோருக்கு ஆண்டுக்கு 10 நாள்கள் என்பது அன்றைய அளவு.

விடுதலைக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம், ஆண்டில் 240 நாள்கள் வேலை செய்தவருக்கு 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் விடுப்பு வழங்கியது. வாரம் ஆறு நாள் வேலை செய்யும் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 300 நாள்கள் பணியாற்றினால் அவருக்குக் கிடைப்பது 15 நாள்கள்.

2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் ஒன்றான தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத்தொகுப்பு, விடுப்புத் தகுதிக்கான 240 நாள்களை 180 நாள்களாகக் குறைத்துள்ளது. ஓராண்டை முழுமையாக முடிக்க இயலாத பலருக்கு இது பயனளிக்கும். ஆயினும் 'இருபதுக்கு ஒன்று' என்ற விகிதம் மாறவில்லை. முக்கால் நூற்றாண்டுக்கு முன் வகுக்கப்பட்ட அதே விகிதம் இன்றும் தொடர்கிறது. இந்தச் சட்டத்தொகுப்பு 2020 செப்டம்பரில் மாநிலங்களவையில் நிறைவேறியபோது எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்தன. எனவே, விகிதத்தை உயர்த்தக் கோரும் குரல் அங்கே உரக்க ஒலிக்க வாய்ப்பில்லாமல் போனது.

கிடைக்கும் அந்தப் பதினைந்து நாள்களும் கோடைக்கு மட்டுமல்ல. சொந்த ஊரில் திருவிழா, உறவில் திருமணம், வீட்டில் காய்ச்சல், வங்கியில் வேலை, பள்ளிச் சேர்க்கைக்கான அலைச்சல் என அனைத்துக்கும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். ஒப்பந்ததாரர் வழியாக வேலைக்கு வருபவர்களின் நிலை இன்னும் மோசம். ஒப்பந்ததாரர் மாறும்போது, வேலை செய்த நாள்களின் கணக்கு முதலிலிருந்து தொடங்கும் அபாயம் இருக்கிறது. ஆனேக்கல் நகரில் பல தலைமுறைகளாகப் பட்டு நெய்துவரும் குடும்பங்களுக்கோ விடுப்பு என்ற பேச்சே கிடையாது. தறி நின்றால் கூலியும் நின்றுவிடும்.

ஒரே அரசு, இரு வகைத் தாய்மார்கள்

மத்திய அரசில் பணிபுரியும் பெண்ணின் நிலை வேறு. ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி 2008 முதல், பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள்கள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு அவருக்கு உண்டு. பதினெட்டு வயது வரையிலான இரு குழந்தைகளுக்காக, அவர்களின் தேர்வுக்கோ நோய்க்கோ வேறு தேவைக்கோ இதைப் பயன்படுத்தலாம். துணையின்றிக் குழந்தையை வளர்க்கும் ஆண் ஊழியர்களுக்கும் 2018-ல் இவ்வுரிமை நீட்டிக்கப்பட்டது. கர்நாடக அரசும் தனது பெண் ஊழியர்களுக்கு ஆறு மாதக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பை 2021-ல் அறிவித்தது. இவை தவிர, குடும்பத்துடன் சொந்த ஊருக்கும் நாட்டின் பிற பகுதிகளுக்கும் சென்றுவர விடுப்புப் பயணச் சலுகையும் மத்திய அரசு ஊழியர்களுக்கு உள்ளது.

இவை சலுகைகள் அல்ல, தேவைகள் என்பதை உச்ச நீதிமன்றமும் ஏற்றுள்ளது. மாற்றுத்திறனாளி மகனை வளர்க்கும் ஹிமாசலப் பிரதேசப் பேராசிரியை ஒருவருக்கு இந்த விடுப்பு மறுக்கப்பட்ட வழக்கில், பெண்கள் பணியில் பங்கேற்பது அரசியல் சாசனக் கடமை சார்ந்த விஷயம் என்றும், குழந்தைப் பராமரிப்பு விடுப்பு அதற்கு இன்றியமையாதது என்றும் 2024 ஏப்ரலில் நீதிமன்றம் குறிப்பிட்டது.

ஆனால், ஜிகணியில் இயந்திரத்தின் முன் நிற்கும் தாய்க்கு இத்தகைய விடுப்பு ஒரு நாள்கூட இல்லை. அவருக்காகச் சட்டம் யோசித்தது குழந்தைகள் காப்பகத்தை மட்டுமே. 50-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களில் காப்பக வசதி தேவை என்கிறது புதிய சட்டத்தொகுப்பு. அதுவும் ஆறு வயதுக்குள்பட்ட குழந்தைகளுக்கே. ஏழு வயதுக் குழந்தைக்குப் பள்ளி இருக்கிறது என்ற அனுமானத்தில் வகுக்கப்பட்ட விதி இது. பள்ளிக்கும் 48 நாள்கள் பூட்டு என்பதைச் சட்டம் கணக்கில் கொள்ளவில்லை.

குழந்தையின் பள்ளி விடுமுறையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் தொழிலாளர் சட்டம் ஒன்று உண்டு. அது குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம். 2016 ஜூலையில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தின்படி, பதினான்கு வயதுக்குள்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைப்பது தடை செய்யப்பட்டது. ஆனால், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறை நாள்களிலும் குழந்தை உதவலாம் என்ற விதிவிலக்கும் சேர்க்கப்பட்டது. ஆக, ஏழைக் குழந்தையின் கோடை விடுமுறை சட்டப் புத்தகத்தில் இடம்பெற்றபோது விளையாட்டுக்காக இடம்பெறவில்லை, வேலைக்காக இடம்பெற்றது. பெற்றோர் சிற்றுண்டிக் கடையோ பூக்கடையோ நடத்தும் வீடுகளில் அந்த 48 நாள்களும் எப்படிக் கழியும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்த வட்டத்துக்கு இது புதிதன்று. கொத்தடிமை முறை 1976-ல் சட்டப்படி ஒழிக்கப்பட்ட பின்னரும் 1980-களின் இறுதியில் ஆனேக்கல் கிராமங்களில் 'ஜீத' என்னும் பெயரில் அது நீடித்தது. கொத்தடிமைகளின் விடுதலைக்காகப் போராடிவரும் ஜீவிகா அமைப்பு தனது பணியைத் தொடங்கியதும் இங்கேதான். 2023 அக்டோபர் 7-ல் அத்திப்பள்ளி பட்டாசுக் கிடங்கில் ஏற்பட்ட தீவிபத்தில் தருமபுரி, திருப்பத்தூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களைச் சேர்ந்த இளைஞர்கள் உள்பட பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். படிப்புச் செலவுக்காக வேலைக்கு வந்திருந்த மாணவர்களும் அவர்களில் அடங்குவர். ஒரு வீட்டின் பண்டிகை மற்றொரு வீட்டுப் பிள்ளையின் உழைப்பில் நிற்கிறது என்பதை அந்த விபத்து உணர்த்தியது.

எல்லைக்கு இப்புறமும் அப்புறமும்

அத்திப்பள்ளிக்கும் ஒசூருக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவே உள்ளது. இருபுறமும் தொழிற்பேட்டைகள், இருபுறமும் தமிழ்க் குடும்பங்கள். ஆனால், 2023-ஆம் ஆண்டு இரு மாநிலங்களும் ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடைகளைத் தந்தன.

வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பை வைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க அனுமதிக்கும் திருத்தத்தைக் கர்நாடகச் சட்டப்பேரவை அந்த ஆண்டு பிப்ரவரியில் நிறைவேற்றியது. அப்போது அங்கு பாஜக ஆட்சி. மூன்று மாதங்களில் அனுமதிக்கப்படும் மிகைநேரப் பணியின் அளவும் 75 மணியிலிருந்து 145 மணியாக உயர்த்தப்பட்டது. தமிழகத்தில் திமுக அரசு அதே நோக்கிலான மசோதாவை ஏப்ரல் 21-ல் நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மசோதா திரும்பப் பெறப்படுவதாக மே தினத்தன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார்.

நான்கு நாள் உழைத்தால் மூன்று நாள் ஓய்வு என்பது 12 மணி நேரப் பணிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம். குடும்பத்துக்கு அது நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். ஆனால், 12 மணி நேரப் பணியுடன் பயண நேரத்தையும் சேர்த்தால், அந்த நான்கு நாள்களிலும் பெற்றோர் புறப்படும்போதும் திரும்பும்போதும் குழந்தை உறக்கத்தில் இருக்கும். மிகைநேரப் பணிக்கான வரம்பும் கூடவே உயர்த்தப்பட்டுள்ளதால், மூன்று நாள் ஓய்வு முழுமையாகக் கையில் கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

கணினித் துறையிலும் இதே கதை

ஆலைத் தொழிலாளிக்கு மட்டுமே இந்த நெருக்கடி என்று கருதிவிட வேண்டாம். எலக்ட்ரானிக் சிட்டியில் பணிபுரிந்து, சந்தாபுரா, ஹெப்பகோடி அடுக்குமாடி வீடுகளில் வசிக்கும் கணினித் துறைப் பெற்றோருக்கு விடுப்பு நாள்கள் சற்றுக் கூடுதல். பணம் கொடுத்துக் குழந்தையைக் கோடைப் பயிற்சி முகாமில் சேர்க்கவும் முடியும். எனினும் பன்னேர்கட்டாவில் யானையைக் காட்டிக்கொண்டிருக்கும் வேளையிலும் கைப்பேசியில் அலுவலகம் அழைக்கும்.

இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் கூறினார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் ஒருபடி மேலே சென்று 90 மணி நேரத்தைப் பற்றிப் பேசினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியர்களிடம் வேலை வாங்க முடியாததற்கு வருந்துவதாகவும் அவர் சொன்னது கடும் விவாதத்தைக் கிளப்பியது. இது மக்களவையிலும் எதிரொலித்தது. வேலை நேரத்தை 70 அல்லது 90 மணியாக உயர்த்தும் யோசனை அரசிடம் இல்லை என்று தொழிலாளர் துறை இணையமைச்சரும், பெங்களூரு வடக்குத் தொகுதி உறுப்பினருமான ஷோபா கரந்தலஜே பிப்ரவரியில் பதிலளித்தார்.

வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் தெரிவித்தன. ஆனேக்கல் அடங்கியுள்ள பெங்களூரு ஊரகத் தொகுதியின் மக்களவை உறுப்பினர் டாக்டர் சி.என். மஞ்சுநாத், ஜெயதேவா இதய நோய் மருத்துவமனையின் இயக்குநராக நீண்டகாலம் பணியாற்றியவர். இந்தப் புள்ளிவிவரத்தின் பொருளை அவையில் எடுத்துரைக்க அவரைவிடப் பொருத்தமானவர் இருக்க முடியாது.

பணி நேரம் முடிந்தபின் அலுவலக அழைப்புகளைப் புறக்கணிக்கும் உரிமை கோரி, தேசியவாத காங்கிரஸ் உறுப்பினர் சுப்ரியா சுலே 2018 டிசம்பரில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 2025 டிசம்பரில் மீண்டும் தாக்கல் செய்தார். ஆனால், தனிநபர் மசோதா ஒன்று இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமானது கடைசியாக 1970-ல்தான். அரசு தானே முன்வராத வரை இத்தகைய மசோதாக்கள் விவாதப் பொருளாக மட்டுமே நின்றுவிடுகின்றன.

தாயின் பொழுதுபோக்கு

குடும்பத்தோடு வெளியே செல்வது எல்லோருக்கும் ஒரே மாதிரியான ஓய்வாக அமைவதில்லை. மத்தியப் புள்ளியியல் துறையின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயதுக்குள்பட்ட பெண்களில் 41 சதவீதத்தினரும் ஆண்களில் 21.4 சதவீதத்தினரும் வீட்டில் உள்ளோரைப் பராமரிக்கும் பணியில் ஈடுபடுகின்றனர். அதில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 140 நிமிடங்களும் ஆண்கள் 74 நிமிடங்களும் செலவிடுகின்றனர். ஞாயிறு காலை புளியோதரை கட்டுவதும், பிள்ளைகளைத் தயார்படுத்துவதும், மாலையில் திரும்பி வந்து ஒரு வாரத் துணியைத் துவைப்பதும் பெரும்பாலும் தாயின் வேலையாகவே இருக்கின்றன. அவர் படிக்க நினைத்த நூல், பாட நினைத்த பாட்டு, பழக நினைத்த தையல் ஆகியவை அந்த ஏழு நாள்களுக்குள் வருவதில்லை.

சாசனம் சொல்லும் சொல்

ஓய்வு என்பது செல்வர்களுக்கு உரிய ஆடம்பரம் என்று அரசியல் சாசனத்தை வகுத்தவர்கள் எண்ணவில்லை. தொழிலாளர்களுக்கு வாழ்வதற்கேற்ற ஊதியம் மட்டுமன்றி, ஓய்வை முழுமையாக அனுபவிக்கவும் சமூக, கலாசார வாய்ப்புகளைப் பெறவும் வழிசெய்யும் பணிநிலையை உருவாக்க அரசு முயல வேண்டும் என்கிறது 43-ஆவது பிரிவு. குழந்தைகளின் விளையாட்டையும் ஓய்வையும் உரிமையாகப் பேசும் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-ல் ஏற்றது. குழந்தைகளின் பொழுதுபோக்குக்கென்றே ஜவாஹர்லால் நேருவின் முயற்சியால் 1956-ல் தில்லியில் தேசிய பால பவன் தொடங்கப்பட்டது. தமிழகத்தின் ஜவகர் சிறுவர் மன்றங்களும் அதே நோக்கில் இயங்குபவையே. ஆனால், ஓவியமும் இசையும் கற்றுத்தரும் இவ்வகை மன்றங்கள் நகரங்களின் மையத்தில் இருக்கின்றன. தொழிலாளர் குடியிருப்புகளோ நகரங்களின் விளிம்பில் உள்ளன.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. விடுப்பு விகிதத்தை உயர்த்துவது நாடாளுமன்றத்தின் கையில் உள்ளது. அதுவரை, பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள பெற்றோர், சேர்ந்த விடுப்பில் ஒரு வாரத்தையேனும் ஏப்ரல், மே மாதங்களில் எடுப்பதற்கு முன்னுரிமை தரும் ஏற்பாட்டை நிர்வாகங்களும் சங்கங்களும் பேசி முடிக்கலாம். ஆலைகளின் குழந்தைகள் காப்பகங்களைக் கோடையில் மட்டும் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கும் திறந்துவிடலாம். கர்நாடகத்தின் கிராம ஊராட்சி நூலகங்களில் 2020-ல் தொடங்கிய 'ஓதுவ பெளகு' திட்டம், பள்ளி மாணவர்களைக் கட்டணமின்றி உறுப்பினராக்கியது. அந்த நூலகங்கள் கோடை முழுவதும் பகலில் திறந்திருந்து, கன்னடத்துடன் தமிழ், தெலுங்கு நூல்களையும் வைத்திருந்தால், எல்லையோர ஆனேக்கலில் பூட்டிய வீட்டுக்குள் தனித்திருக்கும் பிள்ளைகள் பலருக்கு ஒரு போக்கிடம் கிடைக்கும்.

மே 29-ல் பள்ளி திறந்ததும், விடுமுறையில் எங்கே போனாய் என்று ஆசிரியர் கேட்பது வழக்கம். பன்னேர்கட்டா என்று பல பிள்ளைகள் சொல்லக்கூடும். யாருடன் போனாய், எத்தனை நாள் அவர்கள் உன்னோடு இருந்தார்கள் என்ற அடுத்த கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் பிள்ளைகள் அல்லர், சட்டம் இயற்றுபவர்கள்.